தேவாலயத்தில் சாதி பார்த்தால்: 1955ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் காக்கிறது?

சென்ற மழைக்காலத்தில் வியாசர்பாடியில் என் தோழியின் மாமனார் இறந்துபோனார். வாசலில் குளிர்பெட்டி. தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் அதன் கண்ணாடி மூடியில் விழாமல் இருக்க யாரோ ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடக்கத்துக்குத் தேவாலயக் கல்லறையில் இடம் கேட்கப் போன மூத்த மகன் மதியம்வரை திரும்பவில்லை. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "சொந்த ஊர் எது என்று கேட்டார்கள்."

இறந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பங்கின் (அவர் சேர்ந்திருந்த தேவாலயச் சபையின்) குடும்ப அட்டையில் ஒரு மாதச் சந்தாகூடப் பாக்கி இல்லை. அவருக்கு எதற்கு சொந்த ஊர்? வடசென்னைக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் நன்றாகத் தெரியும். எந்த மாவட்டம், அதில் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று மூன்று கேள்வி போனால் சாதி தானாக வந்துவிடும். நேராகக் கேட்டால்தான் குற்றம் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது எந்தக் கோயில் (தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்று இங்கே எழுதப்போவதில்லை. இப்படி நடப்பது ஒரு கோயிலில் மட்டும் அல்ல.

அன்று அந்த வாசலில் நின்றவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். "நம் சான்றிதழில் பி.சி. என்றுதானே இருக்கிறது, எஸ்.சி. இல்லையே, நமக்கு எந்தச் சட்டம்?" என்றார் ஒரு பெரியவர். "கோயில் விஷயத்தில் போலீஸ் தலையிடாது, அது மதச் சுதந்திரம்" என்றார் இன்னொருவர். இரண்டும் தவறு. இரண்டையும் பலர் நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. முதலில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று வந்தது. 1976இல் திருத்தி, பெயரையும் மாற்றினார்கள். இதன் 3ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு மதத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்கோ அவர்களில் ஒரு பிரிவினருக்கோ திறந்திருக்கும் பொது வழிபாட்டிடத்துக்குள், அதே மதத்தைச் சேர்ந்த எந்த ஒரு நபரையும் தீண்டாமையின் பெயரால் நுழையவிடாமல் தடுப்பது குற்றம். மற்றவர்கள் வழிபடும் அதே முறையில், அதே அளவில் வழிபட விடாமல் தடுப்பதும் குற்றம்.

'எந்த ஒரு நபரையும்' என்பதுதான் உயிரான சொல். இந்து என்று இல்லை, பட்டியல் சாதியினர் என்றும் இல்லை. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று நான்கு தலைமுறை ஆன குடும்பமும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். 'அதே முறையில், அதே அளவில்' என்பதும் சும்மா போட்ட சொற்கள் அல்ல. உள்ளே விட்டுவிட்டு இடப்பக்கம் மட்டும் உட்காரச் சொல்வது, நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பம்) வாங்கும் வரிசையில் கடைசிக்குத் தள்ளுவது, ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் பூசையில் உதவும் பீடச் சிறுவர்களாகச் சேர்க்காமல் இருப்பது எல்லாவற்றையும் இந்தச் சொற்களை வைத்துக் கேள்வி கேட்கலாம்.

4ஆம் பிரிவு கல்லறைக்கு வருகிறது. பொதுமக்களோ அவர்களில் ஒரு பிரிவினரோ பயன்படுத்த உரிமையுள்ள இடுகாட்டைத் தீண்டாமையின் பெயரால் ஒருவருக்கு மறுப்பது குற்றம். பங்கு மக்களும் ஒரு பிரிவினர்தான். ஆகவே 'இது பொதுச் சுடுகாடு அல்ல, எங்கள் பங்குக் கல்லறை' என்ற பதில் எடுபடாது. சமய ஊர்வலத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பதும் இதே பிரிவில் வருகிறது. திருவிழாவில் சப்பரம் தூக்க ஒருவரைச் சேர்க்காவிட்டால் சட்டம் நேராகவே பேசுகிறது. சப்பரம் ஒரு தெருமுனைவரை வந்து உள்ளே திரும்பாமல் போவதைப் பற்றி அதில் வார்த்தை இல்லை. ஆனால் அந்தத் தெருக்காரர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சியமாகும்.

கோயில் என்றால் கோபுரமும் மணியும் வேண்டும் என்பதில்லை. வடசென்னையில் மொட்டைமாடியில் ஷீட் போட்டு நடக்கும் ஜெபக்கூடங்கள் தெருவுக்கு ஒன்றிரண்டு இருக்கின்றன. தனியார் சொத்தாக இருந்தாலும், பொதுவாக ஜனங்கள் வந்து வழிபட உரிமையாளர் அனுமதித்திருந்தால் அதுவும் பொது வழிபாட்டிடம் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது.

பலர் கவனிக்காத ஓர் இடம் 7ஆம் பிரிவு. தீண்டாமையை வரலாற்றுக் காரணம், தத்துவக் காரணம், மதக் காரணம், சாதி மரபு என்று எதைச் சொல்லி நியாயப்படுத்தினாலும் அது தீண்டாமையைத் தூண்டுவதாகவே கருதப்படும். 'நம் ஊர் வழக்கம் இது, சண்டை வேண்டாம்' என்று பீடத்தில் நின்று சொல்பவர் இதைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம்வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய்வரை அபராதம். மறுபடியும் செய்தால் கூடும். 1976இல் வைத்த இந்தத் தொகையை இன்றுவரை உயர்த்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் சட்டத்துக்குப் பல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரசின் நிலமோ பணமோ பெறும் வழிபாட்டிடத்தின் பொறுப்பாளர் இந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டால், அந்த உதவியை நிறுத்தவோ திரும்பப் பெறவோ அரசு உத்தரவிடலாம் என்கிறது 9ஆம் பிரிவு. குற்றம் ஓர் அமைப்பின் பெயரில் நடந்தால், அதை நடத்துபவர்களும் பொறுப்பு என்கிறது 14ஆம் பிரிவு. கமிட்டி முடிவு என்று சொல்லி யாரும் ஒதுங்கிவிட முடியாது.

மதச் சுதந்திரம் எதுவரை?

அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு ஒவ்வொருவருக்கும் மதச் சுதந்திரம் தருகிறது. ஆனால் அந்த வாக்கியம் தொடங்குவதே நிபந்தனையோடுதான்: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம், அடிப்படை உரிமைப் பகுதியின் மற்ற விதிகள் ஆகியவற்றுக்கு உட்பட்டு. அந்த 'மற்ற விதிகளில்' ஒன்று 17ஆம் உறுப்பு. தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்பது அது. அதில் 'உட்பட்டு' என்ற சொல்லே கிடையாது. மற்ற உரிமைகள் பெரும்பாலும் அரசைப் பார்த்துச் சொல்லப்பட்டவை; 17ஆம் உறுப்பு தனிமனிதரையும் கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தெளிவாகவே சொன்னது.

சபைகள் வழக்கமாகக் கையில் எடுப்பது 26ஆம் உறுப்பு. ஒவ்வொரு சமயப் பிரிவும் தன் மத விஷயங்களைத் தானே நிர்வகித்துக்கொள்ளலாம் என்பது அது. இது உண்மையான உரிமை, காக்கப்பட வேண்டிய உரிமை. யாருக்குக் குருப்பட்டம் தருவது, எந்த மொழியில் திருப்பலி நடத்துவது, எந்தக் கோட்பாட்டை ஏற்காதவருக்கு நற்கருணை தரக் கூடாது என்பதையெல்லாம் போலீஸோ கலெக்டரோ முடிவு செய்யக் கூடாது. தமிழ்ப் பூசை, ஆங்கிலப் பூசை, தெலுங்கு ஆராதனை என்று நேரம் பிரித்து வைத்திருப்பதும் தீண்டாமை ஆகாது. பிறப்பைப் பார்த்து ஒருவரை வெளியே நிறுத்துவது மட்டும் 'மத விஷயம்' ஆகாது.

இதைக் கிறிஸ்தவத்துக்கு வெளியிலிருந்து வந்த நிர்ப்பந்தம் என்று யாராவது சொன்னால் பழைய கதையை நினைவூட்ட வேண்டும். 1833இல் கல்கத்தா ஆயர் (பிஷப்) டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில் சாதி பிரித்த சுவர் போனபின், தங்கள் தனி இடம் வேண்டும் என்று வேளாளர், முதலியார் தரப்பு நீதிமன்றம் போனது. பாரிமுனையில் நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் அதே சிவப்புக் கட்டடத்தில், 1910களில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. நாட்டுக்கு அரசியலமைப்பு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு! கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1184ஆம் விதி யாருக்கு அடக்கச் சடங்கு மறுக்கலாம் என்று வரையறுத்துச் சொல்கிறது. அந்த வரையறையில் சாதி இல்லை, சொந்த ஊரும் இல்லை.

அமெரிக்காவில் இந்த நோய்க்கு நிறவெறி என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவின் ஒரு மெத்தடிஸ்ட் கோயிலில், முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர்களை எழுப்பி வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். அந்த வழியில் வந்த தனித் திருச்சபை 1816இல் அமைந்தது. அங்கே கோயிலுக்குள் நடக்கும் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. அரசு மதத்துக்குள் நுழையக் கூடாது என்பதை அவ்வளவு அகலமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கலப்பினக் காதலுக்குத் தடை போட்ட பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1983இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பிக்கை உன்னுடையது, அதற்குப் பொதுப்பணத்தின் சலுகை கேட்காதே என்பது அங்குள்ள எல்லை. நம் எல்லை இன்னும் உள்ளே வருகிறது. அதற்குக் காரணம் உண்டு: இங்கே இடுகாடுவரை பிறப்பு துரத்திக்கொண்டு வருகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர் ஒருவரை நிறத்துக்காக மட்டும் ஒரு ஜெபக்கூடம் வெளியே அனுப்பினால், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைப் பொருத்துவது கடினம். அது தீண்டாமையைப் பற்றிய சட்டம். 15ஆம் உறுப்பு இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது; ஆனால் அது முதன்மையாக அரசைத்தான் கட்டுகிறது.

பி.சி. சான்றிதழால் இழப்பது எது?

வாசலில் நின்ற பெரியவரின் கவலை முழுக்கப் பொய் அல்ல. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியாகக் கருதப்படுவார்கள். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி, இந்துத் தொழிலாளிக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போய் 1985இல் தோற்றார். இந்த நிலையை மாற்றக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

இதனால் இரண்டு இழப்பு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கடுமையான பாதுகாப்பு தலித் கிறிஸ்தவருக்குக் கிடைக்காது. இரண்டாவது, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், நடந்தது தீண்டாமையால்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று எதிராளிதான் நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவருக்கு அந்த வசதி இல்லை. நாம்தான் நிரூபிக்க வேண்டும். குற்றம் மட்டும் குற்றம்தான்.

ஆகவே சாட்சியம் சேர்ப்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு, என்ன சொற்களில் மறுத்தார்கள் என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். 'ஊர்' கேட்ட கேள்வியை அப்படியே எழுதுங்கள். உடன் போனவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதே வாரம் வேறு குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தால் அடக்கப் பதிவேட்டில் அது இருக்கும். அந்தப் பதிவேட்டை வரவழைக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். குடும்ப அட்டை, சந்தா ரசீது, திருமுழுக்குச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் இணைக்க வேண்டும். 'நீங்கள் இந்தப் பங்கே இல்லை' என்ற பதிலை அவை அடைத்துவிடும். இடமே இல்லை என்று மறுத்தார்களா, உங்களுக்கு இல்லை என்று மறுத்தார்களா என்பதையும் பிரித்து எழுதுங்கள். சென்னையில் கல்லறை நெருக்கடி உண்மையான நெருக்கடி, அதையே காரணமாகச் சொல்வார்கள்.

புகார் உள்ளூர்க் காவல் நிலையத்தில். இந்தச் சட்டத்தின் குற்றங்கள் எல்லாம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். வேண்டுமென்றே விசாரிக்காமல் விடும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தை என்று 10ஆம் பிரிவு சொல்வதை மனுவில் மரியாதையாக ஒரு வரி குறிப்பிடுவது பலன் தரும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு அதற்கு வருமான வரம்பு கிடையாது. அதனால் எங்கள் மனுவில் முதல் கையெழுத்து என் தோழியுடையது.

அவர் மாமனாரை அன்று மாலை ஏழு மணிக்கு வேறொரு கல்லறைத் தோட்டத்தில் செல்போன் வெளிச்சத்தில் அடக்கம் செய்தோம். பதினோராம் நாள் காவல் நிலையம் போனோம். எழுத்தர் மனுவை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றார். தோழி நகரவில்லை. சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கொடுங்கள் ஐயா, காத்திருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் ஆனது. அந்த ரசீது இப்போது பங்குக் குடும்ப அட்டை இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.