கோர் தசை: மையமா, காழா?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே "கோர் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்பார்கள். பலர் அதை வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும் சிக்ஸ் பேக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மேலே கிடக்கும் தசை. கோர் இன்னும் உள்ளே இருக்கிறது.

வயிற்றைச் சுற்றி அரைக்கச்சை போலக் கிடக்கும் குறுக்குத் தசை, முள்ளெலும்புகளை ஒட்டியே ஓடும் மல்டிஃபிடஸ், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசை. இவை சேர்ந்து இறுகும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது. அந்த முட்டு இல்லாமல் முடியாது. தசைகளை நீக்கிவிட்டு எலும்பையும் அதைப் பிணைக்கும் நார்களையும் மட்டும் வைத்துச் சோதித்தபோது, இடுப்புப் பகுதி முதுகெலும்பு சுமார் 9 கிலோ பாரத்திலேயே மடங்கிவிட்டது. நம் தலையும் தோளும் கைகளும் சேர்ந்தால் அதைவிடக் கனம்.

1996இல் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நின்றபடி கையைத் தூக்கச் சொன்னால், தோள் தசை வேலையைத் தொடங்கும் முன்பே குறுக்குத் தசை இறுகிவிடுகிறது. கை அசையப்போவது முதுகுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது! கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மையத் தசை' என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அது இடத்தை மட்டும்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் கோர் என்றால் பழத்தின் நடுவே விதையைப் பொதிந்திருக்கும் கெட்டிப் பகுதியும்தான். நம்மிடம் அதற்கு நெருக்கமான பழஞ்சொல் ஒன்று உண்டு: காழ். விதை, கொட்டை என்றும் பொருள், மரத்தின் உள்ளே இறுகிக் கெட்டியான வயிரம் என்றும் பொருள். தொல்காப்பிய மரபியல் "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்கிறது. பனையும் தென்னையும் வெளியே கெட்டி, உள்ளே சோறு எனப்படும் மெத்தென்ற பகுதி. அதனால் அவை புல். உள்ளே வயிரம் பாய்ந்ததுதான் மரம். சிக்ஸ் பேக் புறக்காழ் என்றால், கோர் அகக்காழ். 'அகக்காழ்த் தசை' என்பதையே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மரத்தின் காழ் எப்போதும் இறுகியே இருக்கும். இந்தத் தசையோ தேவைக்கு ஏற்ப இறுகி, அப்புறம் தளர வேண்டியது. நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே நடப்பது கோர் பயிற்சி ஆகாது.