மாத்திரையும் டிகாஷனும் சந்திக்கும் இடம்

சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், காபியைக் குறைங்க, நேரத்துக்குத் தூங்குங்க, தினமும் நடங்க என்றும் சொன்னார். மாத்திரைதான் சாப்பிடுகிறேனே, அப்புறம் இதெல்லாம் எதற்கு?"

நடையும் தூக்கமும் பதற்றத்தைத் தணிப்பவை என்பது தெரிந்ததுதான். மது கூடவே கூடாது. சில பதற்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். நான் நின்று பேச விரும்புவது காபியைப் பற்றி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்று முதல் நம் ஊருக்கும் அதற்கும் விட்டுப்போகாத உறவு.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையின் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அப்போது அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நரம்பு செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, செய்தியை வாங்கும் பூட்டுகள் மாதிரி. அவற்றில் அது போய் உட்கார்ந்தால் "போதும், மெதுவாகப் போ" என்று பொருள். பொழுது சாயச் சாயக் கண் சொக்குவது இதனால்தான். காபியில் உள்ள கஃபீனின் உருவம் அடினோசினைப் போலவே இருக்கும். அதே ஏற்பியில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும், ஆனால் பூட்டைத் திறக்காது. உண்மையான சாவியான அடினோசின் வெளியே காத்து நிற்கும். காபி சோர்வைப் போக்குவதில்லை. சோர்வு வந்த செய்தியை மூளைக்குச் சேரவிடாமல் தடுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்!

பிரேக் இப்படி விலகியதும் அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும். பதற்ற நோயின் அறிகுறிகளும் இவையேதான். பதற்றத்துக்குப் பழகிய மூளை "ஏதோ ஆபத்து" என்று முடிவுகட்டிவிடும். பல மாத்திரைகளின் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அந்த நாட்களில் காபியும் கூடினால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மந்திரித்த கயிறு கட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. கயிறு கட்டியாயிற்று என்று டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தலைசுற்றலும் பதற்றமும் ஒன்றாகத் திரும்பி வரும்.

மாத்திரையும் காபியும் சந்திக்கும் இன்னோர் இடம் கல்லீரல். கஃபீனை உடைப்பது அங்குள்ள ஒரு நொதி. உடலில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரமாகும். அதாவது மாலை 5 மணிக்குக் குடித்த டம்ளரில் பாதி, இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கிறது. ஃப்ளூவாக்சமின் என்ற மாத்திரை அந்த நொதியையே கட்டிப்போடும்; அதைச் சாப்பிடுபவருக்கு இந்த 5 மணி நேரம் ஒரு நாளையும் தாண்டலாம். நேற்றைய காபி வடியும் முன்பே இன்றைய காபி வந்து சேரும். எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. அதனால் டாக்டரைப் பார்க்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, நாளைக்கே நிறுத்திவிடலாமா? வேண்டாம். தினமும் காபி குடிக்கும் மூளை கூடுதல் ஏற்பிகளை முளைக்க வைத்திருக்கும். சட்டென்று விட்டால் அத்தனையிலும் அடினோசின் ஏறி உட்காரும். இரண்டு மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரத்துக்குக் கொஞ்சமாக டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது, ஆகவே சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளும் உதவும். காலைக் காபி இருக்கட்டும், முதலில் மாலைக் காபியை விடுங்கள். அந்த நேரத்துக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்த சுக்குமல்லிக் காபி இருக்கிறது. பேரில்தான் காபி, காபிக்கொட்டை சேர்க்காமல் வீட்டில் போட்டால் அதில் கஃபீனே இருக்காது.