சிவந்துபோகும் படங்கள்: ஃபிலிம் சுருளுக்கு வயதாவது எப்படி?

1970களில் வெளியான ஒரு வண்ணப் படத்தின் அந்தக் காலத்து பிரிண்டை இன்று ஓட்டிப் பார்த்தால், பெரும்பாலும் திரை முழுக்க ஒரே சிவப்பாக இருக்கும். வானம் வெளுத்து, புல் பழுப்பேறி, நிழல் விழுந்த இடமெல்லாம் குங்குமக் கலரில் தெரியும். அதைவிட இருபது வருடம் மூத்த கறுப்பு வெள்ளைப் படமோ, கீறல்களைப் பொருட்படுத்தாமல் பார்த்தால், பளிச்சென்று இருக்கும். ஃபிலிம் விஷயத்தில் ஆண்டுக் கணக்கு இரண்டாம்பட்சம்தான். எதனால் செய்தார்கள், எங்கே வைத்தார்கள் என்பதே முக்கியம்.

ஃபிலிமின் அடியில் பிளாஸ்டிக் தளம், அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. கறுப்பு வெள்ளையில் அந்த ஜெலட்டினுக்குள் இருப்பது வெள்ளித் துகள். லேபில் ஒழுங்காகக் கழுவியிருந்தால் வெள்ளி எளிதில் கெடாது. வண்ண ஃபிலிமில் வெள்ளியைக் கரைத்து வெளியேற்றிவிடுவார்கள். மிஞ்சுவது மஞ்சள், மெஜந்தா, சியான் என மூன்று சாயங்கள். கோடக்கின் ஈஸ்ட்மென்கலர் வண்ண ஃபிலிம் 1950இல் வந்தது. அன்று முதல் சுமார் முப்பது ஆண்டுகள் புழங்கிய பிரிண்ட் ஃபிலிம்களில் சியான்தான் நோஞ்சான். வெளிச்சமே படாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் அது மங்கும். சிவப்பு ஒளியைத் தடுப்பது சியானின் வேலை. அது மங்கிவிட்டால் புரொஜெக்டர் விளக்கின் சிவப்பு தடையில்லாமல் திரைக்கு வந்துவிடுகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய தலைமுடிகூடச் சிவப்பது இதனால்தான். டெக்னிகலர் பிரிண்டுகளில் சாயங்களைத் தனித்தனியாக அச்சடிப்பது போல ஏற்றினார்கள். அவற்றின் நிறம் இன்றும் பெரிதாக மாறவில்லை. சாயம் எளிதில் மங்காத பிரிண்ட் ஃபிலிமைக் கோடக் 1980களின் தொடக்கத்தில்தான் கொண்டுவந்தது. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையிலிருந்து 1968இல் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ இந்தப் பலவீனமான காலத்தில் வந்த ஈஸ்ட்மென்கலர் படம். புத்தகத்தை மறுபதிப்பு போட்டால் வேலை முடிந்தது. படத்துக்கு அந்த வசதி இல்லை.

சாயம் தப்பினாலும் தளம் தப்ப வேண்டும். சுமார் 1951 வரை 35 மி.மீ. அகல ஃபிலிமில் எடுத்த படங்களுக்கு நைட்ரேட் தளம்தான். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால், தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. எரியாவிட்டாலும் முதலில் பழுப்பேறி, பிறகு பிசுபிசுத்து, சுருளே ஒரு கட்டியாகி, கடைசியில் பொடியாக உதிரும். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 1933இல் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ மௌனப்படம், பதிப்புரிமை வழக்கில் முடங்கி நாவலின் பதிப்பாளரிடம் கிடந்தது. 1974இல் அந்த பிரிண்ட் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. தியேட்டர் தியேட்டராகச் சுற்றியிருந்தால் தேய்ந்தே போயிருக்கும். வழக்குப் போட்டவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது!

அடுத்து வந்த அசிடேட் தளம் தீயில் பாதுகாப்பானது. அதன் எதிரி ஈரமும் சூடும். இரண்டும் சேர்ந்து தளத்திலிருந்து அசிட்டிக் அமிலத்தைப் பிரிக்கின்றன. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வினிகர் நெடி அதுதான். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். 21 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் புது ஃபிலிம் அந்தக் கட்டத்தை எட்டச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும். ஏசி இல்லாத சென்னைக் கிடங்கில் அதில் பாதிகூடத் தாங்காது. துருப்பிடித்த தகர டப்பாவும் ஃபிலிமில் ஒலியைப் பதிய ஒட்டும் காந்தப் பட்டையும் சிதைவை இன்னும் விரைவுபடுத்தும்.

நெடி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இதற்கென்று நீல நிறச் சோதனைத் தாள்துண்டு இருக்கிறது. மூடிய டப்பாவுக்குள் அதைப் போட்டு, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் உடனே நகல் எடுக்க வேண்டும். அடுத்தது சுருக்கம். புது பிரிண்டில், ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளில் 100 துளைகளின் நீளம் ஏறக்குறைய 475 மி.மீ. அதில் 4.75 மி.மீ. குறைந்தாலே ஒரு விழுக்காடு சுருக்கம், அதாவது நூறு துளைக்கு ஒரு துளை பிசகு. அதை புரொஜெக்டரில் மாட்டினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். ஓரம் அலையலையாக நெளிந்திருப்பதும், மேலே வெள்ளைப் படிகம் பூத்திருப்பதும் முற்றிய நிலை. ஃபிலிமை வளையவிடும் பொருள் கசிந்து வெளியே வந்து அப்படிப் படிகிறது.

எவ்வளவு கெட்டதை மீட்க முடியும்? 1929இல் நூலாக வந்த நாவலிலிருந்து சத்யஜித் ராய் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’ (1955) ஒரு சான்று. அதன் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீயில் சிக்கியது. கருகி, முறுகி, ஒட்டிக்கொண்ட சுருள்களை யாரும் தூக்கி எறியவில்லை. பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் அவற்றுக்கு மறுபடி ஈரமூட்டி நெகிழவைத்து, பசையைச் சுரண்டி, உடைந்த துளைகளைக் கையாலேயே கட்டினார்கள். தேறாத பகுதிகளை வேறு நகல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015இல் படம் 4கே தரத்தில் (அகலவாக்கில் சுமார் 4,000 புள்ளிகள்) மீண்டும் வெளியானது.

சுருங்கிய ஃபிலிமுக்குப் பற்சக்கரமே இல்லாத, உருளைகளில் ஓடும் ஸ்கேனர் வேண்டும். கீறல் விழுந்ததை, பிளாஸ்டிக்கைப் போலவே ஒளியை வளைக்கும் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வார்கள். திரவம் கீறலை நிரப்பிவிடுவதால் அடித்தளக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது. மங்கிய சியானைக் கணினியில் உயர்த்தலாம். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றினால் நிழல்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் கிளம்பும். முற்றிலும் அழிந்த சாயத்தை எந்த மென்பொருளும் அந்த பிரிண்டிலிருந்தே வரவழைக்க முடியாது. அதற்குப் பிறகு போடுவது கற்பனை நிறம்தான்.

இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டங்கள் (ஃபிரேம்கள்). 4கே ஸ்கேனில் சட்டத்துக்குச் சுமார் 50 மெகாபைட் வீதம், மொத்தம் ஏறக்குறைய 11 டெராபைட். அதையும் கணினித் தரவைச் சேமிக்கும் காந்த டேப்பில் போட்டு மறந்துவிட முடியாது. புதுத் தலைமுறை டிரைவ்கள் மிகப் பழைய டேப்பைப் படிக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த தலைமுறை டேப்புக்கு மாற்றியே ஆக வேண்டும்.

வீட்டில் பழைய 8 அல்லது 16 மி.மீ. ரீல் இருந்தால் பரணிலிருந்து முதலில் இறக்குங்கள். தகர டப்பாவை மாற்றி, காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கை வசமாக வையுங்கள். வினிகர் நெடி அடிப்பதை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. குளிர்பதனத்தில் வைப்பதானால் ஈரம் புகாத இரட்டைப் பை அவசியம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஜெலட்டின்மேல் வியர்த்துவிடும். 35 மி.மீ. சுருள் 1951க்கு முந்தையது என்று சந்தேகம் வந்தால் ஸ்கேனரிலோ புரொஜெக்டரிலோ ஏற்ற வேண்டாம். நெருப்புப் பக்கம் கொண்டுபோகாமல் ஆவணக் காப்பகத்திடம் சொல்லிவிடுங்கள்.