கம்பம் வாரியத்துக்கு, விளக்கு ஊராட்சிக்கு: அணைந்த தெருவிளக்கைப் படிப்பது எப்படி?

எங்கள் தெருமுனையில் ஒரு சோடியம் விளக்கு இருந்தது. மாலையில் மற்ற விளக்குகளோடு சேர்ந்துதான் எரியத் தொடங்கும். முதலில் வெளிறிய வெள்ளை, பிறகு லேசான இளஞ்சிவப்பு, நான்கைந்து நிமிடத்தில் நல்ல மஞ்சள். அப்பாடா என்று நினைக்கும் நேரத்தில் சட்டென்று அணைந்துவிடும். ஓரிரண்டு நிமிடம் இருட்டு. மறுபடியும் அதே வெளிறிய வெள்ளை. இரவு முழுவதும் இப்படியே. 'லூஸ் கனெக்‌ஷன்' என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 'வோல்டேஜ் சரியில்லை' என்றார் மளிகைக் கடைக்காரர். இரண்டும் இல்லை. அந்த விளக்குக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

சோடியம் விளக்கின் உள்ளே விரல் பருமனில் ஒரு சின்னக் குழாய் உண்டு. தொடக்கத்தில் 'இக்னைட்டர்' என்ற பாகம் சில ஆயிரம் வோல்ட் அளவுக்கு நொடிப்பொழுது அதிர்வுகளைச் செலுத்தி, அந்தக் குழாயிலுள்ள வாயுவுக்குள் 'மின்வில்' என்ற தொடர்ச்சியான மின்பொறியை உண்டாக்கும். சூடேறியதும் சோடியம் ஆவியாகி மஞ்சள் ஒளி தரும். மின்னோட்டம் கட்டுமீறாமல் 'சோக்' பிடித்துவைக்கும். புதிய விளக்கில் அந்த மின்வில் நிலைத்திருக்கச் சுமார் 100 வோல்ட் போதும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாயிலுள்ள சோடியம் குறையும், தேவைப்படும் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். சோக் கொடுக்கக்கூடியதைவிட அதிகம் கேட்கும் நிலை வந்ததும் விளக்கு அணைந்துவிடும். ஆறியதும் தேவை குறைவதால் மீண்டும் பற்றிக்கொள்ளும். சூடேறினால் மீண்டும் அணையும். கம்பியிலோ மின்னழுத்தத்திலோ எந்தக் குறையும் இல்லை. பல்பை மாற்றினால் போதும்.

இது தெரிந்திருந்தால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் தெருவிளக்கு என்பது இரண்டு வீட்டுக்காரர்களுக்குப் பொதுவான ஒரு சுவர் மாதிரி. மின்கம்பமும் அதில் செல்லும் கம்பிகளும் மின்வாரியத்துடையவை. அந்த நிறுவனம் இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருந்தாலும் மக்கள் வாயில் இன்றும் 'இ.பி.'தான். கம்பத்தில் மாட்டியிருக்கும் விளக்கு உள்ளாட்சியுடையது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், குடியிருப்புப் பகுதிகளின் பொதுச் சாலைகளில் விளக்கு போடுவதை ஊராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது. நகரங்களுக்கு அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை தெருவிளக்கைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சென்னை போன்ற பெருநகரத்தில் மாநகராட்சிக்கே தனிக் கம்பங்களும் பூமிக்கடியில் கேபிளும் இருப்பதால் அங்கே நிலைமை வேறு. நான் பேசுவது மற்ற ஊர்களைப் பற்றி.

உங்கள் தெருக் கம்பத்தை ஒரு நாள் நிதானமாக அண்ணாந்து பாருங்கள். மும்முனை மின்சாரத்துக்கு மூன்று கம்பிகள், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலுக்கு ஒன்று, ஆக நான்கு. பல கம்பங்களில் ஐந்தாவதாக ஒன்றும் ஓடும். அதுதான் தெருவிளக்குக் கம்பி. பகல் முழுவதும் அதில் மின்சாரம் இருக்காது. டிரான்ஸ்பார்மர் அருகிலோ ஏதாவது ஒரு கம்பத்திலோ உள்ள பெட்டியில் டைமர் இயங்கியதும் அது உயிர்பெறும். டைமர் இல்லாத சிற்றூர்களில் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரே மாலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார். ஐந்தாவது கம்பியில் வரும் மின்சாரம் விளக்கு வழியாகச் சென்று, வீடுகளுக்கும் பொதுவான அதே நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது.

இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் இருட்டைப் படிக்கலாம். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் குறை விளக்கில்தான், அல்லது அதற்கு ஏறும் சின்ன வயரில். அது உள்ளாட்சியின் வேலை. வீடுகளில் மின்சாரம் இருக்க, தெரு முழுவதும் விளக்கில்லை என்றால் பெட்டியில் டைமர் நின்றிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம். குறிப்பிட்ட ஒரு கம்பம் வரை எரிந்து அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு என்றால் அந்தக் கம்பத்தில் ஜம்பர், அதாவது இரு பக்கக் கம்பிகளையும் இணைக்கும் துண்டுக் கம்பி, அறுந்திருக்கும், மின்வாரியம்தான் வர வேண்டும். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மினுக்மினுக்கென்று வெட்டுகிறதா? பல நேரங்களில் அது பழுதே அல்ல. உயிருள்ள கம்பிகளுக்கு இணையாகவே ஓடும் ஐந்தாவது கம்பியில் தூண்டலால் துளி மின்சாரம் சேர்கிறது. குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். ஒரே வாரத்தில் ஒரு தெருவில் பத்துப் பன்னிரண்டு புதிய எல்.இ.டி. விளக்குகள் கருகிப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 'மட்டமான சரக்கு' என்று ஒப்பந்ததாரரைத் திட்டிவிட்டு வேறு விளக்குகளை மாட்டுவார்கள். அவையும் கருகும். சரக்கு மட்டமாகவே இருக்கலாம். ஆனால் நியூட்ரலைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது.

மும்முனைக் கம்பிகளில் ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு முனைகளுக்கு இடையே சுமார் 400 வோல்ட். எங்கோ ஓர் இடத்தில் நியூட்ரல் அறுந்தாலோ இணைப்பு துருவேறித் தளர்ந்தாலோ, அதற்கு அப்பாலுள்ள வீடுகளும் விளக்குகளும் திரும்பும் வழியின்றி ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்பட்டுவிடும். எளிமைக்காக இரண்டு முனைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 2000 வாட் சுமை, மற்றதில் 500 வாட். கணக்குப் போட்டால் அந்த 400 வோல்ட் சரிபாதியாகப் பிரியாது. சுமை அதிகமுள்ள பக்கத்துக்கு 80 வோல்ட், குறைந்த பக்கத்துக்கு 320 வோல்ட். ஒரு வீட்டில் மின்விசிறி தவழும், அடுத்த வீட்டில் தொலைக்காட்சி புகையும். நள்ளிரவில் சுமை குறைந்த முனையில் தெருவிளக்குகள் இருந்தால் அந்த 320 வோல்ட்டையும் அவை தாங்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்கில் ஒளி தரும் சில்லு எளிதில் கெடாது. 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தால் இரவுக்கு 12 மணி நேரக் கணக்கில் 11 ஆண்டுகளுக்கு மேல் வரும். முன்னதாகச் சாவது 'டிரைவர்', மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித் தரும் சிறு சுற்று. அதிலுள்ள மின்தேக்கிக்கு வெப்பம் ஆகாது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் பகல் முழுவதும் காய்ந்து, இரவில் மிகை மின்னழுத்தமும் வாங்கினால் எவ்வளவு நாள் தாங்கும்? கருகியது உள்ளாட்சியின் விளக்கு, கருக்கியது வாரியத்தின் கம்பி. விளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் மக்கள் வரிப்பணம்தான் எரியும். மூன்று விளக்குகள் சேர்ந்து போன உடனேயே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி நியூட்ரலைச் சோதிக்கச் சொன்னால், வீடுகளில் உள்ள பொருள்களும் தப்பும்.

பழுது பார்க்கும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அதுதான். பகலில் ஐந்தாவது கம்பி செத்திருக்கும். அதைத் தொட்டுப் பழகியவருக்கு ஒரு துணிச்சல் வந்துவிடும். ஆனால் ஒரு கை நீளத்தில் மற்ற மூன்று முனைகளும் முழு உயிரோடு இருக்கின்றன. ஈரமான கம்பம், வழுக்கும் ஏணி, திரும்பும்போது தோளில் உரசும் கம்பி என்று ஒரு கணம் போதும். அதனால்தான் 'லைன் கிளியர்' என்ற முறை. பிரிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கி, டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, கம்பிகளைத் தரையோடு இணைத்து எர்த் செய்த பிறகே ஏற வேண்டும். எர்த் செய்வது சடங்கல்ல. ஏதோ ஒரு வீட்டின் ஜெனரேட்டர் தவறான இணைப்பால் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால், ஏறியிருப்பவரைக் காப்பது அந்த எர்த் ராடுதான். 'ஒரு பல்புதானே, ஏறி மாட்டிவிட்டு வா' என்று தொட்டி இயக்குபவரையோ தூய்மைப் பணியாளரையோ கம்பத்தில் ஏற்றுவது கொடுமை. மின்வாரியக் கம்பியாளர் வரும்வரை தெரு இரண்டு நாள் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

விளக்கை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை, கணக்கையும் மாற்ற வேண்டும். 40 வாட் டியூப்லைட், பழைய சோக்கையும் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் பில் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். மீட்டர் இருந்தால் தானாகவே இறங்கும். மீட்டர் இல்லாமல் விளக்குகளை எண்ணிக் கணக்கிடும் இணைப்பில், இரண்டு தரப்பினரும் கூட்டாய்வு செய்து எண்ணிக்கையைத் திருத்தும்வரை ஊராட்சி பழைய பில்லையே கட்டிக்கொண்டிருக்கும்.

சிம் கார்டு வைத்த கண்காணிப்புப் பெட்டிகள் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டன. மின்னோட்டத்தை அளப்பதுதான் அவற்றின் வேலை. 20 வாட் விளக்குகள் 40 எரிந்தால் ஏறக்குறைய 3.48 ஆம்பியர், அது 3.30 ஆகக் குறைந்தால் இரண்டு விளக்குகள் அணைந்துவிட்டன. எந்த இரண்டு என்று பெட்டிக்குத் தெரியாது. தெருவில் நடப்பவருக்குத்தான் தெரியும். கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒற்றை விளக்கா, வரிசையா, எந்தக் கம்பம் வரை எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் சரியான ஆள் சரியான பொருளோடு வருவார்.

எங்கள் தெருமுனை விளக்குக்கு அப்படித்தான் புகார் எழுதினேன்: 'பத்து நிமிடம் எரிகிறது, இரண்டு நிமிடம் அணைகிறது, பல்பு முதிர்ந்துவிட்டது.' நான்காம் நாள் கம்பியாளர் ஏணியோடு வந்தார். உள்ளாட்சி ஊழியர் கீழே நின்று புதிய பல்பை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினார். டிரான்ஸ்பார்மர் பக்கமிருந்து 'ஆஃப் பண்ணியாச்சு' என்று கைபேசியில் குரல் வந்த பிறகே ஏணியின் முதல் படியில் கால் வைத்தார் கம்பியாளர்.