டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங்: இதுல மாவட்டம் எங்க வந்துச்சு?

"மாவட்ட வெப்பமாக்கல்"னு ஒரு மொழிபெயர்ப்புல பார்த்தேன், வேலூர் மாவட்டத்தை இதுக்கு மேலயும் யாருப்பா சூடாக்கப்போறதுன்னு சிரிப்புதான் வந்துச்சு. சொல்ல வந்தது டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங்.

விஷயம் சிம்பிள். குளிர் நாட்டுல வீட்டைக் கதகதப்பா வச்சுக்க வீட்டுக்கு வீடு பாய்லர் வைக்காம ஒரே இடத்துல தண்ணியைச் சுடவச்சு ரோட்டுக்கு அடியில குழாய் வழியா எல்லா வீட்டுக்கும் அனுப்புறது. குழாய் ரெண்டு, ஒண்ணுல சூடா வரும், வீட்டுல சூட்டை இறக்கி வச்சுட்டு இன்னொண்ணுல ஆறிப்போய்த் திரும்பும். டென்மார்க்ல திரும்புற தண்ணி சரியா ஆறலேன்னா பல ஊர்ல பில்லு ஏறும், ஏன்னா சூட்டை முழுசா எடுக்காம திருப்பி அனுப்புனா சூடு சப்ளை பண்றவங்களுக்கு நஷ்டம்.

டிஸ்ட்ரிக்ட்ங்கிறது லத்தீன் வழி வந்த சொல்லு, ஒரு பிரபுவோட அதிகாரம் செல்லுபடியாகுற எல்லைன்னு அர்த்தம், அப்புறம் சும்மா "ஏரியா"ன்னும் ஆயிடுச்சு. நமக்கு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து டிஸ்ட்ரிக்ட்னாலே கலெக்டர் ஆபீஸ்தான், குழப்பமே அங்கதான். 1877ல அமெரிக்காவுல லாக்போர்ட்ங்கிற ஊர்ல பேர்ட்சில் ஹாலி நீராவியைக் குழாய்ல அனுப்பி டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங்கை வியாபாரமா ஆரம்பிச்சாரு. ஆனா பிரான்ஸ்ல ஷோட்ஸெக்னு ஒரு ஊர், பேருக்கே வெந்நீர்னுதான் அர்த்தம், அங்க 14ம் நூற்றாண்டுலயே சுமார் 82 டிகிரி ஊத்துத் தண்ணியை வீடுகளுக்கு விட்டிருக்காங்க.

டேனிஷ்காரங்க சொல்லு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஃபியர்ன்வார்மே, அதாவது தூரத்துச் சூடு. ஜெர்மன்லயும் அதே அர்த்தம்தான். சூடு எதுலேர்ந்து வருதுன்னு குழாய்க்குக் கவலையே இல்ல, கரியமில வாயு கம்மியா விடுற எதையும் இதுல இணைக்கலாம், இதுக்கு முன்னாடி "லோ கார்பன்"ங்கிற அடைமொழி ஒட்டுறதே அதனாலதான். 1973 எண்ணெய் நெருக்கடியில அடிவாங்குன டென்மார்க் 1979ல வெப்ப வழங்கலுக்குன்னே சட்டம் போட்டுச்சு, இன்னைக்கு மூணுல ரெண்டு வீட்டுக்கு இப்படித்தான் சூடு வருது. ஓடென்சேல டேட்டா சென்டர் கக்குற சூடு, கோபன்ஹேகன்ல குப்பை எரிக்கிற சூடு, எஸ்பியர்க்ல கடல் தண்ணியிலேர்ந்தே சூட்டை உறிஞ்சி சுமார் 25,000 வீட்டுக்குக் குடுக்குற ஹீட் பம்ப். பழைய குழாய்தான், அடுப்பை மட்டும் மாத்துனா போதும்.

பிரிட்டன்ல கதை வேற, அங்க வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர். இத்தனைக்கும் 1950லயே லண்டன்ல பேட்டர்சி மின் நிலையத்தோட கழிவுச் சூட்டைத் தேம்ஸுக்கு அடியில கொண்டுபோய் பிம்லிகோ வீடுகளுக்குக் குடுத்தவங்கதான். இப்ப நாட்டோட மொத்த வெப்பத் தேவையில 2-3 சதவீதம்தான் இப்படி, 2050க்குள்ள 18 சதவீதம் வரைக்கும் போலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. வீடுங்க நெருக்கமா இருக்குற டவுன்லதான் இது கட்டுப்படியாகும், குழாய் பதிக்கிற செலவு அப்படி.

சரி, தமிழ்ல? "வட்டார வெப்ப வழங்கல்" தப்பில்ல, ரிப்போர்ட்டுக்கு ஓகே. "தொலைவெப்பம்" டேனிஷுக்குக் கிட்ட வருது, ஆனா வீட்டுல சொன்னா சூடு தொலைஞ்சுபோச்சுன்னு நினைப்பாங்க. என் ஓட்டு "ஊர்க்கணப்பு"க்கு. குளிர்காய மூட்டுற நெருப்புக்குக் கணப்புன்னு ஏற்கனவே பேர் இருக்கு, ஊர்க்கிணறு மாதிரி ஊருக்கே பொதுவா ஒண்ணு. லோ கார்பனுக்கு மட்டும் "கரி குறைந்த"ன்னு போட்டுடாதீங்க, அடுப்புக்கரி பத்தலன்னு ஆயிடும், "கரிமம் குறைந்த ஊர்க்கணப்பு"ன்னு எழுதுங்க.