எர்ரர் வராத கான்ஃபிக் ஸ்கிரிப்ட்

'பெயர்=மதிப்பு' என்று அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலைப் படிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும் என்றால், கை தானாக ஸ்ப்ளிட்டுக்குத்தான் போகும். சமக்குறி வரும் இடத்தில் வரியை வெட்டு, இரண்டாவது துண்டை எடுத்துக்கொள். நானும் அப்படி ஒன்று எழுதினேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் மறுமுனைக்குள் நுழைவதற்கான ரகசியச் சாவியை மாற்றினார்கள். புதியது பேஸ்64 வடிவம் (தரவைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை), கடைசி எழுத்தே ஒரு சமக்குறி. என் ஸ்கிரிப்ட் அதையும் வெட்டி எறிந்துவிட்டது. எர்ரர் எதுவும் இல்லை. மறுமுனை அனுமதி மறுத்துக்கொண்டே இருக்க, நான் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுப் பாதி ராத்திரியைத் தொலைத்தேன்.

இதற்கென்றே பைத்தானில் கான்ஃபிக்பார்சர் இருக்கிறது. முதல் பிரிப்புக்குறியில் மட்டும்தான் வெட்டும். ஆனால் அது தருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். 'ஃபால்ஸ்' என்று எழுதியிருப்பதை எடுத்து, ட்ரூவா ஃபால்ஸா என்று மாற்றித் தரும் பூலுக்குள் போட்டால் ட்ரூ வரும், காலியில்லாத ஸ்ட்ரிங் எல்லாமே அதற்கு ட்ரூதான். கெட்பூலியன் என்று தனியாக வைத்திருப்பது இதற்காகவே. கடவுச்சொல்லில் சதவீதக்குறி இருந்தால், அந்தக் குறியை வேறு மதிப்பை நிரப்பும் இடமாக எடுத்துக்கொள்ளும் இன்டர்போலேஷனை அணைத்துவிடுங்கள்.

யாமல் என்ற கான்ஃபிக் வடிவம் இதற்கு நேர் எதிர், கேட்காமலே வகையை ஊகிக்கும். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் பையாமல் லைப்ரரி இன்னும் யாமல் 1.1 விதிகளின்படிதான் நடக்கிறது. நாட்டுக் குறிகளின் பட்டியலில் நார்வேக்கு 'என்ஓ' என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் ஃபால்ஸ் ஆகிவிடும். பதிப்பு எண் 3.10 வெறும் 3.1 ஆகும். 22:22 என்பதை அறுபதடிமான (60-ஐ அடியாகக் கொண்ட) எண்ணாக நினைத்து 1342 என்று தரும். 2009இல் வந்த 1.2 'யெஸ்', 'நோ' தொல்லையை நீக்கியது, ஆனால் உங்கள் லைப்ரரி எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி. சந்தேகம் இருந்தால் மேற்கோள்குறி போடுங்கள். வெளியிலிருந்து வந்த ஃபைல் என்றால் சேஃப்லோட் தவிர வேறெதையும் தொடாதீர்கள், அன்சேஃப்லோட் ஃபைலுக்குள் புரோகிராம் இருந்தால் அதையே ஓட்டிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது டாமல் என்ற இன்னொரு கான்ஃபிக் வடிவம். பைத்தான் 3.11 முதல் அதைப் படிக்கும் டாமல்லிப் கூடவே வருகிறது. எழுதத்தான் தெரியாது, பரவாயில்லை.

எந்த வடிவமானாலும், இப்போது என் ஸ்கிரிப்ட் படித்து முடித்ததும் ஒவ்வொரு மதிப்பையும் அதன் வகையோடு அச்சிடும், வகை தவறினால் அங்கேயே நின்றுவிடும். கடவுச்சொல், சாவி என்றால் மதிப்புக்குப் பதில் நீளத்தை மட்டும் காட்டும். அன்று 44 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 43 என்று வந்திருக்கும்.