பந்து போன பிறகும் சாயும் தோள்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கோல்ஃப் மைதானம். ஃபுளோரிடாவில் இது அதிசயமில்லை. அமெரிக்காவில் கோல்ஃப் மைதானங்கள் அதிகம் உள்ள மாநிலம் இதுதான். ஊரிலிருந்து வந்த அம்மா முதல் நாள் காபியோடு அங்கே போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து, "ஏண்டா, அந்த மனுஷன் யாரைத் திட்டறார்?" என்றார்.

பந்தைத்தான். நில்லு என்று கெஞ்சுவார்கள், திரும்பு என்று அதட்டுவார்கள். பந்து வலப்பக்கம் விலகினால் இடப்பக்கம் தோளைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஓங்கி அடிக்கும்போது மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் 2000-இல் ஒரு பங்கு நேரம்தான். அப்புறம் அந்தப் பந்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது அவருக்கும் தெரியும், உடம்புக்குத்தான் தெரிவதில்லை. கேரம் ஆடியவர்கள் சிரிக்க வேண்டாம். ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போனதும் நம் கழுத்து எந்தப் பக்கம் வளைந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

மனதில் எழும் எண்ணமே தசையை அசைப்பதை வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-லேயே விவரித்தார். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கண் பார்ப்பதை உடம்பு பின்பற்றுகிறதா, மனம் விரும்புவதைப் பின்பற்றுகிறதா? ஜெர்மனியில் உளவியலாளர் வோல்ஃப்காங் பிரின்ஸும் சகாக்களும் இதை, பந்தை இலக்கை நோக்கி உருட்டும் ஒரு கணினி விளையாட்டில் சோதித்தார்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் மட்டும் ஜாய்ஸ்டிக்கால் திருத்தம் செய்யலாம், பிறகு முடியாது. முடியாத அந்த நேரத்திலும், விலகிப் போகும் பந்தை இலக்குப் பக்கம் இழுப்பதுபோல் கை அசைந்தது. அதாவது, கை விருப்பத்தின் பக்கம்தான் போனது. பகடை ஆடும் டாக்சி ஓட்டுநர்களைக் கவனித்த ஜேம்ஸ் ஹென்ஸ்லின் என்ற சமூகவியலாளர் 1967-இல் இதே சாயலில் ஒன்றை எழுதினார். சின்ன எண் வேண்டுமென்றால் மெல்ல உருட்டுவார்களாம், பெரிய எண்ணுக்கு வேகமாக. தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிய யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், எல்லா ஊரிலும் அதேதான். ஆனால் 2008-இல் ஜெசிகா விட் என்ற உளவியலாளர், ஆட்டம் முடித்து வந்த 46 பேரிடம் வெவ்வேறு அளவு வட்டங்களைக் காட்டி, குழி எது அளவு இருந்தது என்று கேட்டார். அன்று நன்றாக ஆடியவர்கள் பெரிய வட்டத்தைக் காட்டினார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு குழிக்கும் ஒரு 'பார்' உண்டு, அதாவது மட்டையால் இத்தனை அடி அடித்துப் பந்தைக் குழிக்குள் போட்டு முடிக்கலாம் என்ற கணக்கு. ஒரு அடி குறைவாக முடித்தால் 'பேர்டி'. ஒன்று கூடினால் 'போகி', அது அவமானம். பரிசுப் பணமோ மொத்த அடிகளை வைத்துத்தான். எந்தக் குழியில் எப்படி முடித்தாலும் ஒரு அடி ஒரு அடிதான். அப்படியானால், குழியருகே வந்த பிறகு, விழுந்தால் பார் என்று உருட்டும் பந்தும் விழுந்தால் பேர்டி என்று உருட்டும் பந்தும் ஒரே தூரத்திலிருந்து ஒரே அளவு விழ வேண்டும் அல்லவா?

விழவில்லை. டெவின் போப்பும் மாரிஸ் ஷ்வைட்சரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் உருட்டிய 25 லட்சம் அடிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாமே லேசரால் அளக்கப்பட்டவை. பேர்டி அடிகள் சுமார் 2 சதவீதப் புள்ளி குறைவாகவே குழியில் விழுந்தன. பாருக்கு உருட்டுபவர் பெரும்பாலும் அதே புல்லில் ஏற்கெனவே ஒருமுறை உருட்டியிருப்பார், சரிவு பிடிபட்டிருக்கும், அதனால்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் கேட்டார்கள். அதையெல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. டைகர் வுட்ஸும் விதிவிலக்கல்ல.

காரணம், உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் சொன்ன இழப்பு வெறுப்பு. நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைந்த வலி பெரிது. பேர்டி தவறினால் லாபம் போச்சு, அவ்வளவுதான். பார் தவறினால் நஷ்டம். அதனால் பாருக்குக் கூடுதல் கவனம். பேர்டிக்கோ, பந்து குழியைத் தாண்டி ஓடிவிடக் கூடாதே என்று சற்றுத் தயங்கிய கை. அட்டையில் அச்சடித்த ஒரு எண் நஷ்டம் எங்கே தொடங்குகிறது என்று தீர்மானித்துவிடுகிறது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் இரண்டாம் குழி, 1992 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் பார் 5. 2000-இல் அதை 4 ஆக்கினார்கள். இப்படி எண் மாற்றப்பட்ட குழிகளை ஆராய்ந்தவர்கள், பார் குறைந்ததும் ஆட்டக்காரர்கள் குறைந்த அடிகளில் முடித்ததைக் கண்டார்கள்.

சரி, இதை நாமே பார்த்துவிடலாம் என்று அம்மாவோடு பந்தயம் கட்டினேன். குனிந்து, இரண்டு பக்கமும் போய்ப் பார்த்து, நிதானமாக உருட்டினால் அது பாருக்கு. சட்டென்று உருட்டினால் பேர்டிக்கு. ஒரு சனிக்கிழமை முழுக்க வேலியோரம் நின்று, ஒவ்வொருவரும் எண்ணிக்கையைச் சொல்லி எழுதுவதைக் கேட்டோம். ஏழு, எட்டு, ஏழு, ஒருவர் ஒன்பது. பாரைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த ஒன்பது அடிக்காரர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் குனிந்து பார்த்தவர். உருட்டிவிட்டு ஒற்றைக் காலில் நின்றதும் அவர்தான்.